ஐந்து காலி இடங்கள்: தரவுத்தள மாற்றத்தில் புள்ளியும் உகரமும் தொலைவது பற்றிய நிகழ்வு ஆய்வு

தமிழ்ப் பதிவுகள் நிறைந்த ஒரு பழைய தரவுத்தளம் புதிய சர்வருக்கு மாறுகிறது. மாற்றி முடித்துப் பக்கத்தைத் திறந்தால் ‘அவர்களுக்கு’ என்று இருந்த சொல் ‘அவர�?கள�?க�?க�?’ என்று நிற்கிறது. ‘தமிழ்’ என்பது ‘தமிழ�?’ ஆகிவிட்டது. அதே பக்கத்தில் ‘மலை’, ‘நிலா’, ‘கனவே’ ஆகிய சொற்களில் ஒரு கீறல்கூட இல்லை.

எழுத்துருக் கோளாறு என்றுதான் முதலில் தோன்றும். எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லாவிட்டால் அந்த இடத்தில் கட்டம் வரும். உள்ளே இருக்கும் தரவு அப்படியே இருக்கும். இங்கே வந்திருப்பது உண்மையான கேள்விக்குறி. தரவுத்தளத்துக்குள்ளேயே அது எழுதப்பட்டுவிட்டது. எழுத்துருவை மாற்றினாலும் உலாவியை மாற்றினாலும் அது போகாது.

இது ஒரு தளத்தில் மட்டும் நடப்பதல்ல. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள், 2018இல் 8.0 பதிப்பு வெளிவரும்வரை, எதையும் குறிப்பிடாமல் உருவாக்கிய அட்டவணைக்கு லத்தீன்1 என்ற குறிமுறையையே (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) இயல்பாகக் கொடுத்துவந்தது. அந்தக் காலத்தில் தொடங்கிய எத்தனையோ தமிழ்த் தளங்களின் பதிவுகள் இன்றும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அவற்றை இடம் மாற்றும்போதெல்லாம் இதே சிதைவு இதே வடிவில் வருகிறது. யார் வேண்டுமானாலும் தங்கள் கணினியில் ஐந்து நிமிடத்தில் இதை வரவழைத்துப் பார்க்கலாம்.

ஏன் இந்த நான்கு எழுத்துகள் மட்டும்

சிதைந்த பக்கங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் தொலைபவை நான்குதான்: புள்ளி, உகரக் குறி, ‘ஏ’, ‘ஐ’. ஐந்தாவதாக ‘ௐ’ உண்டு; பதிவுகளில் அது அரிதாகவே வரும். மற்ற எழுத்துகள் எல்லாம் தப்பிக்கின்றன. தற்செயலாக நேரும் சிதைவு இப்படிப் பொறுக்கியெடுக்காது.

யூனிகோடு ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஒரு குறியெண் தருகிறது. யூடிஎஃப்-8 குறிமுறையில் அன்றாடத் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட் இடம் எடுக்கும். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். ‘தமிழ்’ என்ற சொல்லைப் பிரித்தால் இப்படி வரும்:

த: 224 174 164
ம: 224 174 174
இகரக் குறி: 224 174 191
ழ: 224 174 180
புள்ளி: 224 175 141

கண்ணுக்கு மூன்று எழுத்து, குறியெண் ஐந்து, பைட் பதினைந்து.

இந்தப் பதினைந்து பைட்டையும் விண்டோஸ்-1252 என்ற பழைய மேற்கு ஐரோப்பியக் குறிமுறை என்று நினைத்து ஒரு மென்பொருள் படித்தால், ஒவ்வொரு பைட்டும் தனித்தனி எழுத்தாகிவிடும். 224 என்பது தலைமேல் சாய்கோடு போட்ட ஐரோப்பிய எழுத்து. 174 என்பது ® குறி. நம் ‘க’வின் கடைசி பைட்டான 149 அங்கே • ஆகும். ஈகாரக் குறியின் 128 அங்கே € ஆகும். தமிழ்ப் பக்கம் முழுக்க ®, •, € என்று இறைந்துகிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

அவ்வளவோடு நின்றால் ஒன்றும் குடிமுழுகாது. வேறு பெயரில் உட்கார்ந்திருக்கும் பைட்டை மறுபடி அதன் பெயரிலேயே கூப்பிட்டால் எழுத்து திரும்பிவிடும். சிக்கல், விண்டோஸ்-1252 பட்டியலில் ஐந்து இடங்கள் காலியாக இருப்பது: 129, 141, 143, 144, 157. இந்த எண்களுக்கு அங்கே எழுத்தே கிடையாது. இப்போது தமிழோடு பொருத்திப் பாருங்கள். உகரக் குறி 224 175 129. புள்ளி 224 175 141. ‘ஏ’ 224 174 143. ‘ஐ’ 224 174 144. ‘ௐ’ 224 175 144. கடைசி எண் 157இல் முடியும் இரண்டு இடங்களிலும் தமிழுக்கு எழுத்து இல்லை. தொலைந்தவற்றின் பட்டியல் அச்சு மாறாமல் இதுதான்.

தமிழுக்கு மட்டும் நேர்ந்த கேடு இல்லை இது. இந்திய மொழிகளின் யூனிகோடு வரிசை இஸ்கி என்ற பழைய இந்தியக் குறிமுறையின் அடுக்கைப் பின்பற்றியது. அதனால் தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று எல்லாவற்றிலும் புள்ளிக்கு நிகரான குறியின் கடைசி பைட் 141தான். உகரக் குறிக்கு 129தான். சிங்களத்தின் அடுக்கு வேறு. அதன் அல்-லகுண என்ற ஒற்றுக்குறி 138இல் முடிகிறது, அந்த இடத்தில் விண்டோஸ்-1252இல் எழுத்து உண்டு. இலங்கைத் தளமொன்றில் ஒரே பக்கத்தின் சிங்களப் பகுதியில் ஒற்றுக்குறி பிழைத்து, தமிழ்ப் பகுதி மட்டும் புள்ளி இழந்து நின்றால் காரணம் இதுவே.

எந்த இடத்தில் பைட் விழுகிறது

மைஎஸ்க்யூஎல்லின் லத்தீன்1 என்பது பெயருக்குத்தான் லத்தீன்1. உள்ளே இருப்பது விண்டோஸ்-1252. ஆனால் அந்த ஐந்து காலி இடங்களையும் அது வெற்றிடமாக விடாமல், அதே எண்ணுள்ள கட்டுப்பாட்டுக் குறிகளாக வைத்துக்கொள்கிறது. அதனால் மைஎஸ்க்யூஎல்லுக்குள்ளேயே போய்த் திரும்பினால் புள்ளி தொலையாது. பல ஆண்டுகள் தவறான பெயரோடு ஓடிய தளங்கள் சரியாகவே தெரிந்ததற்கும் இதுதான் காரணம்: போட்டதை அப்படியே எடுத்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

வெளியே உள்ள கருவிகள் இப்படியல்ல. பைத்தான் நிரல்மொழியின் சிபி1252 (விண்டோஸ்-1252க்கு அங்கே உள்ள பெயர்) அந்த ஐந்து எண்களைக் கண்டதும் பிழை சொல்லி நின்றுவிடும். ஜாவா அவற்றின் இடத்தில் � என்ற பதிலிக் குறியைப் போட்டுவிடும். சில இறக்குமதி வடிகட்டிகள் ‘கட்டுப்பாட்டுக் குறி எதற்கு’ என்று துடைத்தே போட்டுவிடும்.

வழக்கமான பாதை இப்படிப் போகிறது. பழைய சர்வரில், தரவைக் கோப்பாக எடுத்துத் தரும் மைஎஸ்க்யூஎல்டம்ப் ஓடுகிறது. குறிமுறை எதுவும் சொல்லாததால், லத்தீன்1 என்று பெயரிட்ட யூடிஎஃப்-8 பைட்டுகளை அது மறுபடி யூடிஎஃப்-8ஆக மாற்றி எழுதுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மடிப்பு விழுந்துவிட்டது. புதிய சர்வரில் ®, • என்று தெரிகிறது. சரிசெய்ய ஒருவர் பைத்தானில் உரையை சிபி1252ஆக என்கோட் செய்து, யூடிஎஃப்-8ஆக டிகோட் செய்கிறார். வழி சரி. ஆனால் முதல் புள்ளியிலேயே பிழைச் செய்தி வருகிறது. இணையத்தில் தேடினால் ‘இக்னோர்’ போடு, ‘ரீப்ளேஸ்’ போடு என்று ஆலோசனை கிடைக்கிறது. அந்த ஒற்றைச் சொல்லில்தான் தரவு சாகிறது.

‘ரீப்ளேஸ்’ போட்டால் 141 இருந்த இடத்தில் கேள்விக்குறியின் எண்ணான 63 உட்காரும். 224 175 63 என்பது முறையான யூடிஎஃப்-8 இல்லை. முதல் இரண்டும் சேர்ந்து ஒரு � ஆகி, பின்னால் ஒரு ‘?’ நிற்கும். ‘தமிழ�?’ பிறந்தது இப்படித்தான்.

‘இக்னோர்’ அதைவிடக் கொடியது. முதலில் 141 போகும். பிறகு டிகோட் செய்யும்போது, துணையிழந்த 224 175 இரண்டும் போகும். பிழைச் செய்தியும் இல்லை, கேள்விக்குறியும் இல்லை. ‘அவர்களுக்கு’ என்பது ‘அவரகளகக’ ஆகிறது. ‘ஐந்து’ என்பது ‘நத’ ஆகிறது. தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் இந்த வேலையைச் செய்தால் பக்கம் சுத்தமாக இருப்பதாகவே அவருக்குத் தெரியும். பழைய நகலையும் நம்பிக்கையோடு அழித்துவிடுவார்.

கை வைப்பதற்கு முன் அளந்து பார்ப்பது

எந்த நிலையில் எந்த வரி இருக்கிறது என்று தெரியாமல் கட்டளை ஓட்டக் கூடாது. ஒரே அட்டவணையில் பல வகை வரிகள் கலந்திருப்பது சாதாரணம், ஏனென்றால் தளத்தின் மென்பொருள் இடையிடையே மேம்பட்டிருக்கும். ‘தமிழ்’ என்ற சொல் மட்டும் கொண்ட ஒரு தலைப்பு கிடைத்தால் அதுவே அளவுகோல். மைஎஸ்க்யூஎல்லில் லெங்த் என்றால் பைட் எண்ணிக்கை, கேர்லெங்த் என்றால் எழுத்தெண்ணிக்கை.

பைட் 15, எழுத்து 5 என்றால் எல்லாம் சரி. இரண்டுமே 15 என்றால் பைட்டுகள் நலம், பெட்டியின் பெயர் மட்டும் தவறு. பைட் 30, எழுத்து 15 என்றால் இரட்டை மடிப்பு, ஆனால் முழுமையானது. பைட் 29, எழுத்து 15 என்றால் இரட்டை மடிப்புக்குள் புள்ளி ஏற்கெனவே கேள்விக்குறியாகிவிட்டது. இரண்டுமே 35 என்றால் அது வேறொரு வகை: தமிழ் என்று எண்வடிவில் சேமித்திருக்கிறது. பக்கம் விண்டோஸ்-1252 என்று அறிவித்திருந்த காலத்தில், அந்தக் குறிமுறையில் இல்லாத எழுத்தைப் படிவத்தில் தட்டினால் உலாவியே இப்படி மாற்றி அனுப்பிவிடும்.

நீண்ட பதிவுகளுக்கு, பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் கட்டளை. 224 174 அதில் ஈ0ஏஈ (E0AE) என்றும், 224 175 ஈ0ஏஎஃப் (E0AF) என்றும் வரும். விடையில் ஈ0ஏஈ, ஈ0ஏஎஃப் என்ற துண்டுகள் திரும்பத் திரும்ப வந்தால் பைட்டுகள் நேரானவை. சி3ஏ0சி2ஏஈ, சி3ஏ0சி2ஏஎஃப் என்று வந்தால் இரட்டை மடிப்பு. ஆண்டுக்கு இருபது வரி வீதம் எடுத்துப் பார்ப்பது நல்லது. பிழையின் வகை மாறும் தேதி பெரும்பாலும் மென்பொருள் மேம்பாட்டுத் தேதியோடு பொருந்தும். இவை எதிலும் அடங்காத வரிகள் யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி உரையாக இருக்கலாம். அதில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தனியே பிரித்து வைத்து, டிஸ்கி மாற்றியால் மாற்ற வேண்டும். இங்கே சொல்லும் எந்தக் கட்டளையும் அதற்கு ஒத்துவராது.

சரிசெய்த முறை

தளத்தை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டிவிட வேண்டும். பாதி மாற்றியபோது ஒருவர் புதிதாகப் பதிவிட்டால் அது சரியான வடிவில் நுழையும். அடுத்த கட்டளை அதையும் ‘சரிசெய்து’ கெடுக்கும். பிறகு பேக்கப். இதை டிஃபால்ட்-கேரக்டர்-செட் விருப்பத்தில் லத்தீன்1 என்று எழுதி எடுத்தால் லத்தீன்1 பெட்டியில் இருக்கும் பைட்டுகள் மாறாமல் வெளியே வரும். முடிந்தால் சர்வரை நிறுத்திவிட்டுத் தரவுக் கோப்புறையையே நகலெடுப்பது இதைவிடப் பத்திரம்.

பெயர் மட்டும் தவறாக உள்ள அட்டவணைக்குச் செய்ய வேண்டியது பைட்டைத் தொடாமல் பெயரை மாற்றுவது. ‘ஆல்டர் டேபிள்… கன்வர்ட் டு’ என்ற கட்டளை பொருத்தமாகத் தோன்றும். அதைத் தொடக் கூடாது. அது பெயரை மட்டும் மாற்றாது, உள்ளடக்கத்தையும் மொழிபெயர்த்து இரட்டை மடிப்பாக்கிவிடும். சரியான வழி இரண்டு தாவல். முதலில் ‘மாடிஃபை’ போட்டு டெக்ஸ்ட் வகையை பிளாப் ஆக்க வேண்டும், வார்கேர் என்றால் அதே நீளமுள்ள வார்பைனரி. அப்போது மைஎஸ்க்யூஎல்லுக்கு அது எழுத்தே அல்ல, வெறும் பைட். அடுத்து மறுபடி ‘மாடிஃபை’ போட்டு டெக்ஸ்ட் ஆக்கி, குறிமுறை யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்ல வேண்டும். பைட்டுகள் அசையாமல் பெயர்ப்பலகை மாறிவிடும்.

இதில் மூன்று இடங்களில் கால் இடறும். ‘மாடிஃபை’ எழுதும்போது பழைய ‘நாட் நல்’, ‘டிஃபால்ட்’ ஆகியவற்றை மறுபடி எழுதாவிட்டால் அவை போய்விடும். முழுவுரைத் தேடலுக்கான இன்டெக்ஸ் பிளாப்பின்மேல் நிற்காது. முதலில் அதை நீக்கி, முடித்தபின் திரும்பக் கட்ட வேண்டும். மூன்றாவது, தலைப்புகளின் வால். வார்கேர் 100 என்ற லத்தீன்1 பெட்டியில் 100 பைட்தான் பிடிக்கும். தமிழுக்கு அது 33 குறியெண்ணும் ஒரு பைட் மிச்சமும். நீளத் தலைப்பு வெட்டுப்பட்டபோது முப்பத்துநான்காவது எழுத்தின் 224 மட்டும் உள்ளே நின்றிருக்கும். இரண்டாவது தாவலில் மைஎஸ்க்யூஎல் ‘தவறான சரம்’ என்று 1366 எண்ணுள்ள பிழையோடு நின்றுவிடுவது இதனால்தான். பிளாப் நிலையில் இருக்கும்போதே ஹெக்ஸ் மதிப்பு ஈ0, ஈ0ஏஈ, ஈ0ஏஎஃப் என்பவற்றில் முடியும் வரிகளைத் தேடி அந்த வாலை வெட்டிவிட வேண்டும். முழுமையான தமிழ் எழுத்து எதுவும் இந்த மூன்றில் முடியாது என்பதால் தவறி வெட்ட வாய்ப்பில்லை.

யூடிஎஃப்8 என்று மட்டும் எழுதாமல் யூடிஎஃப்8எம்பி4 என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் வெறும் யூடிஎஃப்8 மூன்று பைட்டோடு நின்றுவிடும். அன்றாடத் தமிழுக்கு அது போதும். ஆனால் இமோஜிக்கு நான்கு வேண்டும். 2019இல் யூனிகோடு 12.0இல் சேர்ந்த 51 பழந்தமிழ்ப் பின்னங்களுக்கும் அளவைக் குறிகளுக்கும் நான்கு வேண்டும். கண்டிப்பு முறை இல்லாத பழைய சர்வரில் ஓர் இமோஜி வந்தால் அந்தப் பதிவில் அதற்குப் பின் உள்ளது முழுவதும் வெட்டுப்படும்.

இரட்டை மடிப்பான வரிகளுக்கு வெளிக்கருவி தேவையில்லை. ஐந்து காலி இடங்களையும் பத்திரமாக வைத்திருக்கும் மைஎஸ்க்யூஎல்லிலேயே மடிப்பை அவிழ்ப்பதுதான் நல்லது: உரையை லத்தீன்1ஆக ‘கன்வர்ட்’, அதை பைனரியாக ‘காஸ்ட்’, அதை யூடிஎஃப்8எம்பி4ஆக மறுபடி ‘கன்வர்ட்’. மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே ‘அப்டேட்’ கட்டளையில் எழுதலாம். ஆனால் இரட்டை மடிப்பின் அடையாளம் உள்ள வரிகளுக்கு மட்டும் அது ஓட வேண்டும். அதோடு நேரான தமிழும் அதே வரியில் இருந்தால் அந்த வரியைத் தவிர்க்க வேண்டும். பிறர் பதிவை மேற்கோள் காட்டி எழுதிய மறுமொழிகளில் மேற்கோள் பகுதி மடிந்தும் புதிய பகுதி நேராகவும் இருக்கும். அங்கே இந்தக் கட்டளையை ஓட்டினால் நேராக இருந்த ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். அத்தகைய வரிகளுக்குப் பைத்தானின் எஃப்டிஎஃப்ஒய் நூலகம் பொருத்தமானது. அதிலுள்ள ‘ஸ்லாப்பி-விண்டோஸ்-1252’ என்ற குறிமுறை, காலி இடங்களை மைஎஸ்க்யூஎல் நடத்துவது போலவே நடத்துகிறது.

எண்வடிவ வரிகளில் 2944 முதல் 3071 வரை உள்ள எண்களை மட்டும் எழுத்தாக்க வேண்டும். எல்லா எண்களையும் அவிழ்க்கும் பொதுச் செயல்பாட்டை ஓட்டினால் 60 என்ற எண் கோணக்குறியாக உயிர்த்தெழும். யாரோ எப்போதோ பதிவில் ஒளித்துவைத்த நிரல் உங்கள் பக்கத்தில் ஓடத் தொடங்கும்.

கேள்விக்குறியாகிவிட்ட புள்ளிகளை மீட்பது

பேக்கப் இருந்தால் இந்தப் பகுதி தேவையே இல்லை. இல்லாதபோது இரண்டு நிலைகள்.

224 175 63 என்று முதல் இரண்டு பைட் மிஞ்சியிருந்தால் இடம் தெரியும், வகையும் பாதி தெரியும். 175 என்றால் புள்ளி அல்லது உகரம். 174 என்றால் ‘ஏ’ அல்லது ‘ஐ’. இரண்டில் ஒன்று. இதைத் தீர்க்கத் தமிழ் இலக்கணமே கைகொடுக்கிறது. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வரலாம் என்பதை நன்னூல் வரையறுத்து வைத்திருக்கிறது.

‘அவர�?கள�?க�?க�?’ என்பதையே எடுத்துக்கொள்வோம். நான்கு ஐயங்கள், ஆகவே 16 வடிவங்கள். மூன்றாவது ஐயம் ‘க’வுக்கு முன் நிற்கும் ‘க’. அது ‘க்க’ என்பது முதல் விதி: ஒரே மெய் இரட்டித்தால் முதலாவது புள்ளி பெறும். நான்காவது, சொல்லின் கடைசியில் நிற்கும் ‘க’. அதற்கு முன்னால் ‘க்’ இருப்பதால் இன்னொரு ‘க்’ வராது, ஆகவே ‘கு’. இரண்டாவது ‘ள’. அது புள்ளி பெற்றால் ‘ள்க்கு’ என்று இரண்டு ஒற்று அடுத்தடுத்து வரும். ஒரு சொல்லுக்குள் அப்படி ஈரொற்று வருவது ய், ர், ழ் இவற்றுக்குப் பின்தான் (வேர்க்கடலை, வாழ்க்கை). ஆகவே ‘ளு’. மிச்சம் முதல் ஐயம் மட்டும்: ‘அவர்களுக்கு’, ‘அவருகளுக்கு’. இரண்டில் எது என்று சொல்பட்டியல் சொல்லிவிடும். பதினாறு இரண்டாகி, இரண்டு ஒன்றாகிவிட்டது.

இன்னும் சில விதிகள் பெரும்பகுதியைத் தீர்க்கும். சொல்லின் முதலெழுத்து மெய்யாக வராது என்பதால் அங்கே உகரம். க, ச, த, ப நான்கும் தம்மோடு மட்டுமே மயங்கும் என்பதால் அவற்றுக்குப் பின் வேறு மெய் வந்தால் உகரம். ‘வகுப்பு’ என்பதன் ‘கு’ இப்படிக் கிடைக்கும். ‘ங்க’, ‘ஞ்ச’, ‘ண்ட’, ‘ந்த’, ‘ம்ப’, ‘ன்ற’ என்ற இன எழுத்துச் சேர்க்கையில் புள்ளி. வல்லின மெய் சொல்லிறுதியில் வராது என்பதால் அங்கே உகரம். ‘அதைப் பார்’ போல அடுத்த சொல்லும் அதே எழுத்தில் தொடங்கினால் புள்ளி.

எல்லாவற்றுக்கும் விலக்கு உண்டு, பெரும்பாலும் பிறமொழிச் சொற்களில். ‘பக்தி’, ‘சப்தம்’, ‘ஸ்டாலின்’, ‘டிக்கெட்’, ‘கிரிக்கெட்’ இவை எந்த விதிக்கும் கட்டுப்படாது. பேச்சுத் தமிழில் ‘எடுடா’ என்பது இரட்டிப்பு விதியை ஏமாற்றும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் சொல்பட்டியல், பிறகு இலக்கணம். அந்தப் பட்டியலையும் அச்சு அகராதியிலிருந்து எடுப்பதைவிட, அதே தளத்தின் சிதையாத பதிவுகளிலிருந்து சொற்களைப் பொறுக்கிக் கட்டுவது மேல். அங்கே எழுதுபவர்களின் பெயர்கள், ஊர்கள், பேச்சு வழக்கு எல்லாம் அதில் இருக்கும், அகராதியில் இருக்காது. ‘ஒரு’ என்ற சொல்லுக்கும் இது வேண்டும். சொல்லிறுதி ‘ர’வுக்குப் புள்ளி என்று பொதுவிதி போட்டால் பக்கமெல்லாம் ‘ஒர்’ என்று நிற்கும்.

எந்த விதியாலும் தீராதவை உண்டு. ‘ராம்’ என்பவரும் ‘ராமு’ என்பவரும் ஒரே தளத்தில் இருந்தால் இருவரும் ‘ராம�?’. ‘வேல்’, ‘வேலு’, ‘பால்’, ‘பாலு’, ‘ஊர்’, ‘ஊரு’ இவையும் அப்படியே. ‘ஏந்து’, ‘ஐந்து’ இரண்டும் முழுச் சொற்கள், இரண்டும் ஒரே பைட் வரிசை ஆகிவிடும். ‘ஐஏஎஸ்’ என்பதில் முதல் இரண்டு எழுத்தும் ஐயம். இவற்றை இயந்திரத்திடம் விடக் கூடாது. ஐயமுள்ள சொற்களை எண்ணிக்கை வாரியாக அடுக்கி, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர் சூழலோடு படித்து முடிவுசெய்ய வேண்டும். மனிதர்களின் பெயர் விஷயத்தில் ஊகிக்கவே கூடாது. பயனர் பட்டியலோடு ஒப்பிட்டே திருத்த வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பழைய பைட் வரிசையைத் தனி அட்டவணையில் வைத்துக்கொள்வது கட்டாயம்.

‘இக்னோர்’ போட்டுச் சிதைத்தவை அடுத்த நிலை. ‘அவரகளகக’ என்பதில் ஆறு மெய்களும் அகரமா, உகரமா, புள்ளியா என்று தெரியாது: 729 வடிவங்கள். சொல்பட்டியல் கொண்டு பலவற்றை மீட்க முடியும் என்றாலும், ‘ஏ’, ‘ஐ’ விழுந்த சொற்களுக்குத் தலையே இல்லை. இங்கே இணைய ஆவணக் காப்பகத்தின் பழைய பக்க நகல்கள், உறுப்பினர்களுக்குப் போன அறிவிப்பு மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தேடுவதே முறை. அவை தளம் சரியாக ஓடிய நாளில் எடுத்தவை. பைட்டுகள் முழுசாக இருக்கும்.

கவனிக்காமல் விடப்படும் மூன்று சிதைவுகள்

இரட்டை மடிப்பாக இருந்த காலத்தில் அந்த உரையின்மேல் வேறு கருவி ஓடியிருந்தால் சிதைவு இன்னும் விநோதமாகும்.

சுருள் மேற்கோளை நேர் மேற்கோளாக்கும் வடிகட்டி ஓடியிருந்தால் ‘ஒ’, ‘ஓ’, ‘ஔ’ மூன்றும் போகும், ஏனென்றால் அவற்றின் கடைசி பைட்டுகள் 146, 147, 148. விண்டோஸ்-1252இல் அவை சுருள் மேற்கோள்கள். மூன்றுபுள்ளிக் குறியைப் பிரித்தெழுதும் கருவி ‘அ’வை உடைக்கும், அதன் பைட் 133. 224 174க்குப் பின் நேர் மேற்கோளோ மூன்று புள்ளியோ வந்தால் எது எந்த எழுத்து என்று திருப்பிக் கண்டுபிடிக்கலாம்; ‘ஓ’, ‘ஔ’ இரண்டும் ஒரே இரட்டை மேற்கோளாகிவிடுவதால் அவற்றில் எது என்பதை மட்டும் சொல்லைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். மடிப்பை அவிழ்ப்பதற்கு முன் அதைச் செய்ய வேண்டும்.

அதே 133 இன்னொரு வேலையும் செய்யும். உரையை விண்டோஸ்-1252 என்று கொள்ளாமல் உண்மையான லத்தீன்-1 என்று படித்தால் 133 என்பது வரிமுறிப்புக் குறி. பைத்தானின் ‘ஸ்ப்ளிட்லைன்ஸ்’ அதைக் கண்டதும் வரியை முறிக்கும். ‘அ’ வரும் இடமெல்லாம் பதிவு துண்டாகும். பைட் நிலையிலேயே வரியைப் பிரித்தால் இது நேராது.

மூன்றாவது, தேடல் பட்டியலுக்கும் பயனர் பெயருக்கும் ‘சிற்றெழுத்தாக்கு’ என்ற செயல்பாட்டை ஓட்டுவது. தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து கிடையாது. ஆனால் மடிந்த உரை ஐரோப்பிய எழுத்தாக வேடமிட்டிருக்கிறது. 142 என்ற பேரெழுத்து 158 என்ற சிற்றெழுத்தாகும்: ‘எ’ என்பது ‘ஞ’ ஆகிவிடும். 138 என்பது 154 ஆகும்: ‘ஊ’ என்பது ‘ச’ ஆகிவிடும். ‘எழில்’ என்ற பயனர் ‘ஞழில்’ ஆகிறார், ‘ஊர்’ என்ற குறிச்சொல் ‘சர்’ ஆகிறது. இரண்டும் முறையான யூடிஎஃப்-8 என்பதால் எந்தச் சோதனையிலும் சிக்காது. சிற்றெழுத்தாக்கிச் சேமித்த கட்டங்களைத் திருத்த முயலாமல் அழித்துவிட்டு, மூலப் பெயரிலிருந்து மறுபடி உருவாக்குவதே சரி.

மாற்றிய பின் சோதனை

தரவு சரியாகிவிட்டாலும் பாதை முழுவதும் ஒரே குறிமுறை பேச வேண்டும். நிரல் தரவுத்தளத்தோடு இணைந்ததும் ‘செட் நேம்ஸ் யூடிஎஃப்8எம்பி4’ என்று சொல்ல வேண்டும், அல்லது இணைப்பு அமைப்பிலேயே அதைக் குறிக்க வேண்டும். சர்வர் அனுப்பும் ‘கன்டென்ட்-டைப்’ தலைப்பில் யூடிஎஃப்-8 இருக்க வேண்டும். பக்கத்துக்குள் எழுதும் ‘மெட்டா’ வரி முதல் 1024 பைட்டுக்குள் வர வேண்டும். இரண்டும் முரண்பட்டால் சர்வர் சொல்வதே செல்லும். ‘மெட்டா’ வரியை மட்டும் திருத்திவிட்டுப் பலன் இல்லையே என்று தவிப்பவர்கள் சர்வர் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கைச் சோதனை இரண்டு. � குறியின் ஹெக்ஸ் வடிவம் ஈஎஃப்பிஎஃப்பிடி. அது எந்த வரியிலும் இருக்கக் கூடாது. அடுத்தது, ஒவ்வோர் ஆண்டின் பதிவுகளிலும் மொத்தத் தமிழ்க் குறியெண்களில் புள்ளி எத்தனை, உகரம் எத்தனை என்று எண்ணி ஒப்பிடுவது. ஒரே தளத்தில் ஒரே மக்கள் எழுதும்போது இந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாது. ஓர் ஆண்டில் திடீரென்று சரிந்தால் அங்கே ‘இக்னோர்’ ஓடியிருக்கிறது. வரி வாரியாகவும் இதைச் செய்யலாம்: இருநூறு எழுத்துக்கு மேல் நீளும் தமிழ்ப் பத்தியில் ஒரு புள்ளிகூட இல்லை என்றால் அந்த வரியைத் திறந்து படித்துவிட வேண்டும்.

கடைசியாக, கண்ணால் பார்க்க ஒரு வரி. இதைப் புதிய பதிவாகத் தட்டி, சேமித்து, திருத்தி, மறுபடி சேமித்து, தேடிப் பார்க்கலாம்:

ஏன் ஐந்து ஊர் எழுத்துகள் ஒரு குடும்பத்துக்கு அவர்களுக்கு கௌரவம் ஓட்டம்

ஆபத்தான கடைசி பைட்டுகளில் 129, 141, 143, 144, 133, 138, 142, 146, 147 ஆகிய ஒன்பதும் இந்த வரியில் இருக்கின்றன. இதன் ஹெக்ஸ் மதிப்பு முதல் சேமிப்பிலும் இரண்டாவது சேமிப்பிலும் ஒன்றாக இருந்தால் தளத்தின் பூட்டைத் திறக்கலாம்.